இரண்டு கிலோ கோதுமை மாவு

தலை நடுப்பக்கம், கால் கதவுப்பக்கம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஊர்ந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, காஞ்சிபுரம் ரோட்டைப் பிடிக்கிறவரைக்கும் தணிகைவேல் இந்த நாலு வார்த்தையைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டே வந்தான். தலை வண்டியின் நடுவைப் பார்த்து, கால் கதவைப் பார்த்து. பக்கவாட்டில் எவனாவது வந்து இடித்தால் கால்பக்கம்தான் முதலில் வாங்கும், தலை தப்பித்துக்கொள்ளும். காரில் பிள்ளையைப் படுக்கவைத்துக் கட்டுகிற சீட்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படத்திலிருந்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. இவன் பிள்ளை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பின்சீட்டில் குறுக்குவாட்டில் மல்லாந்து படுத்தபடி வருகிறான். பிறந்து பத்தொன்பது நாள், அதில் பதினேழு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள், எடை இரண்டு கிலோ ஐம்பது கிராம். பெயர் இன்னும் வைக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் 'நிரோஷாவின் குழந்தை' என்று எழுதியிருந்ததையும் கிளம்பும்போது நர்ஸ் கத்தரித்து எடுத்துவிட்டாள். நிரோஷா இவன் முதுகுக்குப் பின்னால், பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது நாள் தூக்கத்தையும் இன்றைக்கே தூங்கித் தீர்ப்பதுபோல் மேம்பாலத்துக்கு முன்னாலேயே கண்ணயர்ந்துவிட்டாள். முன்சீட்டில் அக்கா கஸ்தூரி. மடியில் பை, பையின்மேல் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்கின்மேல் கை. கண்ணாடியில் பார்த்தால் பிள்ளை தெரியவில்லை, அந்தச் சீட்டின் சாம்பல் நிற மூடாக்கு மட்டும்தான் தெரிந்தது. மணி பத்து இருபத்தெட்டு. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் வீட்டு வாசலில் ஆலம் சுற்றி உள்ளே போயாக வேண்டும். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. "நீ போற போக்குக்கு, பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ற வயசுலதாண்டா வீடு போய்ச் சேருவான்" என்றாள் கஸ்தூரி. "போயிடலாம்க்கா" என்றான்.

போயிடலாம். போய்விட முடியாதா என்ன, நாற்பது கிலோமீட்டர்தானே. ஓரகடம் கம்பெனிக்குத் தினம் இதே மாதிரி ரோட்டில்தான் போய் வருகிறான், ஒரு நாளாவது ரோட்டைப் பார்த்து இப்படி வியர்த்திருக்கிறானா? ஒவ்வொரு லாரியும் இன்று இவன் பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் எதிரே வருகிறது. பன்னிரண்டு நாள் முன்னால் அந்த டாக்டரம்மா சொன்ன வார்த்தை வேறு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முதலில் இவன் வாங்கியது சாதாரணச் சீட்டு, எல்லோரும் வாங்குகிற, குழந்தையைச் சாய்த்து உட்கார வைக்கிற வாளி மாதிரி சீட்டு. அதை வார்டுக்கே எடுத்துவரச் சொல்லி, பிள்ளையை அதில் உட்கார்த்தி, பாதத்தில் ரத்தத்து ஆக்சிஜனை அளக்கிற அந்தச் சிவப்பு விளக்கு மாட்டி வைத்தார்கள். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றைந்து. பிள்ளை தூங்கிப்போனான், தலை மெல்ல முன்னால் கவிழ்ந்தது. தொண்ணூறு. எண்பத்தாறு. மெஷின் கத்தியது, பிள்ளை கத்தவில்லை. டாக்டரம்மா ஒற்றை விரலால் மோவாயை நிமிர்த்தினார், எண் ஏறிக்கொண்டது. "பார்த்தீங்களா? கழுத்துல இன்னும் பலம் வரல. மோவாய் நெஞ்சுல முட்டினா மூச்சுக்குழல் மடங்கிடும். அழமாட்டான். சத்தமே வராது. அதனால இவனைப் படுத்தவாக்குலதான் கூட்டிப் போகணும். அதுக்குன்னு தனியா சீட்டு இருக்கு. அரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்திப் பார்த்துக்குங்க." சத்தமே வராது. இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷிக்கு இது பத்தோடு பதினொன்று. இவனுக்கோ அன்றிலிருந்து சத்தமில்லாத எதைக் கண்டாலும் பயம். ஃபேன் நின்றால் பயம், போன் அடிக்காமல் இருந்தால் பயம். இப்போது பின்சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. தூங்குகிறான். தூங்கத்தானே செய்வான்.

அந்தப் படுக்கைச் சீட்டு வந்து சேர்வதற்குள் வீட்டில் நடந்த கூத்து கொஞ்சமா. கஸ்தூரி அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகி, "இதுலயா? இந்தப் பொட்டியிலயா?" என்றாள். மடி எதற்கு இருக்கிறது, கை எதற்கு இருக்கிறது என்றாள். அவளுக்கு அரசுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை, முப்பது கிலோ சாம்பார் அண்டாவைத் தனியாளாக இறக்கி வைக்கிற கை. அந்தக் கையை நீட்டி, "இது விடுமாடா? சொல்லு, இது விடுமா?" என்று கேட்டாள். இவன் சும்மா இருந்திருக்கலாம். இருப்பானா? கம்பெனியில் இவனுக்குச் சீட் பெல்ட் பட்டை சோதிக்கிற வேலை. பட்டையின் இரண்டு முனையையும் மெஷினில் மாட்டி, கிழிகிறவரைக்கும் இழுத்து, எந்த எடைக்குக் கிழிந்தது என்று எழுதி வைப்பான். பதினோரு வருஷமாகக் கிழிசல் சத்தம் கேட்டே காது காய்த்துப்போனவன். வாயை மூடிக்கொண்டு இருப்பானா? போனில் ஒரு வீடியோ காட்டினான். பெரிய பொம்மையின் மடியில் ஒரு சின்னப் பொம்மை. வண்டி சுவரில் மோதுகிறது, பெரிய பொம்மையின் கை அப்படியே நிற்க, சின்னப் பொம்மை மட்டும் பறந்து போகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் இரண்டு கிலோ பிள்ளை அந்த ஒரு நொடிக்கு அறுபது கிலோ மூட்டையாகிவிடும், எந்தக் கையும் தாங்காது என்று வகுப்பு எடுத்தான். கஸ்தூரி வீடியோவை இரண்டு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அது பொம்மைடா. பொம்மையைப் பிடிக்கற மாதிரியாடா பிள்ளையைப் பிடிப்பாங்க?" என்று கேட்டாள். ஆனாலும் இவன் விடவில்லை. பக்கத்து வீடு, சித்தப்பா வீடு, ஆஸ்பத்திரி வராண்டாவில் அறிமுகமானவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் பத்து நாள் இதையே பேசிப் பேசிக் காதைத் துளைத்துவிட்டான். கடைசியில் கஸ்தூரிதான், "சரிடா, உன் பிள்ளை, உன் சீட்டு, என்னமோ பண்ணித் தொலை" என்று விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தவள் ஒன்றே ஒன்றில் மட்டும் பிடியாக நின்றாள். அவர்கள் குடும்பத்து வழக்கப்படி, பிள்ளை முதல்முதலாக வீட்டுக்குள் நுழையும்போது தைத்த துணி உடம்பில் இருக்கக் கூடாது. தாத்தாவின் பழைய வேட்டியில் கைகாலோடு சுற்றி எடுத்து வர வேண்டும், வாசலில் ஆலம் சுற்றி உள்ளே போனபிறகுதான் அந்தச் சுற்றை அவிழ்க்க வேண்டும். இவனையும் அப்படித்தான் எடுத்து வந்தார்களாம். இறந்துபோன அப்பாவின் வேட்டி ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, பையில் கொண்டு வந்திருந்தாள். இவனும் சரி என்றான். இவ்வளவு விட்டுக்கொடுத்தவளிடம் ஒரு வேட்டிக்காகவா சண்டை போடுவது.

வேட்டி. வேட்டி என்ற இடத்தில் வந்து மனசு எதையோ தட்டிவிட்டு நின்றது. என்னவோ ஒன்று. என்ன அது? ஆத்தூர் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாக, இவன் மூச்சை இழுத்து விட்டான். விட்டபோது தன் நெஞ்சின் குறுக்கே பெல்ட் அழுத்துவது தெரிந்தது. அனிச்சையாக இரண்டு விரலை அதன் அடியில் விட்டுப் பார்த்தான். கம்பெனிப் பழக்கம். எந்தப் பெல்ட்டைப் பார்த்தாலும் விரலை விட்டு இழுத்துப் பார்க்கும் கை. அப்போதுதான் தெரிந்தது, பிள்ளையின் பெல்ட்டில் விரலை விட்டுப் பார்க்கவே இல்லை என்பது. 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது, நர்ஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள், கஸ்தூரி நேரம் நேரம் என்றாள், கதவைச் சாத்திவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெல்ட் எங்கே போய்ச் சேர்ந்தது? தோளுக்கு இரண்டு பட்டை, இரண்டு காலுக்கு நடுவிலிருந்து ஒரு பட்டை, மூன்றும் வயிற்றின்மேல் ஒன்றுசேர்ந்து பூட்ட வேண்டும். இரண்டு காலுக்கு நடுவில். வேட்டியில் சுற்றின பிள்ளைக்கு இரண்டு கால் எங்கே இருக்கிறது? ஒரே மூட்டை. அப்படியானால் நடுப்பட்டையை என்ன செய்தான்? கண் முன்னால் தன் கையே தெரிந்தது. மூட்டைக்கு அடியில் கிடந்த பட்டையை ஓரமாக இழுத்து, பக்கவாட்டில் வளைத்து, மேலே கொண்டுவந்து, க்ளிக். எப்படி அவ்வளவு சுளுவாகச் செய்தது கை? ஏன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை? ஐயோ. கோதுமை மாவு. பத்து நாளாக வீட்டில் எதை வைத்துக் கட்டிப் பழகினான்? பிள்ளையின் எடைக்குச் சரியாக இருக்கும் என்று இரண்டு கிலோ கோதுமை மாவுப் பாக்கெட். ராத்திரியும் பகலும் படுக்க வைத்து, பட்டையை வளைத்து, க்ளிக், அவிழ், மறுபடி க்ளிக். இருபது நொடியில் கட்டிவிடுவேன் என்று நிரோஷாவிடம் பெருமை வேறு. கோதுமை மாவுக்குக் கால் இல்லை. மாவுக்குக் கட்டுகிற மாதிரியே பெற்ற பிள்ளைக்கும் கட்டிவிட்டு வந்திருக்கிறான் மகராசன்.

கம்பெனியில் இந்த மாதிரி ஒன்று மேஜைக்கு வந்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் தூக்கி ஓரமாகப் போட்டிருப்பான். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி எழுதியிருப்பான்: தளர்வு, இடம் மாறிய பூட்டு. இப்போது எங்கே ஒட்டுவது, நெற்றியிலா? சரி, பதறாதே, யோசி. பிரேக் போட்டு ஒடித்தால் என்ன ஆகும்? மூட்டை நழுவும். தோளில் கட்டிய பட்டைக்கு அடியில் புகுந்து கால்பக்கமாக இறங்கும். இறங்கினால் வேட்டியின் மேல்மடிப்பு முகத்துக்கு வரும். மூக்குக்கு வரும். சத்தமே வராது. நிறுத்து. வண்டியை இல்லை, யோசனையை நிறுத்து. இல்லை, வண்டியைத்தான் நிறுத்த வேண்டும். இதோ அந்த டீக்கடை. கடை போய்விட்டது. நிறுத்தி என்ன சொல்வது? அக்கா, தப்பாகக் கட்டிவிட்டேன் என்றா? சொன்னால் அவள் என்ன செய்வாள் என்பது இவனுக்குத் தெரியாதா. ஒரு வார்த்தை திட்டமாட்டாள். இறங்கி, பின்கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். 'நீ ஓட்டு' என்பாள். அதற்குமேல் இவன் எந்த வாயால் வேண்டாம் என்பான்? கட்டவே தெரியாதவன் பேச்சை எவள் கேட்பாள்? ஆக, இப்படித் தளர்ந்த பெல்ட்டில் போவதா, மடியில் போவதா? நாற்பதில் போனால் அறுபது கிலோ வராது, குறையும். குறைந்தால் எவ்வளவு? நாற்பது கிலோவா? நாற்பது கிலோவை அக்கா பிடித்துவிடுவாளா? அண்டாவைப் பிடிக்கிறாளே. அண்டாவுக்கு இரண்டு காது இருக்கிறது. சீ, என்ன கணக்கு இது. தப்பாகக் கட்டினதைத் திருத்துவதை விட்டுவிட்டு, தப்பு எவ்வளவு கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறான். இவன் பயம் பிள்ளைக்காகவா, இல்லை பத்து நாள் பேசின பேச்சுக்காகவா? கேள்வி வந்ததும் முகம் சுட்டது. கண்ணாடியைப் பார்த்தான். சாம்பல் நிற மூடாக்கு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

பாலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கடவுளே கேட்டை மூடிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தான். மணி பத்து ஐம்பத்தைந்து. முன்னால் இரண்டு ஜல்லி லாரி, பின்னால் ஒரு பஸ். இன்ஜினை அணைத்தான். இப்போது இறங்கிவிடலாம், பின்கதவைத் திறந்து சும்மா பிள்ளையைப் பார்க்கிறமாதிரி பார்த்து, கையை விட்டு, பட்டையை... அதற்குள் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஒரு அம்மா ஜன்னலைத் தட்டினாள். கஸ்தூரி கண்ணாடியை நாலு விரல் இறக்கி, "வேணாம்மா" என்றாள். அந்த அம்மா போகாமல் பின்சீட்டை எட்டிப் பார்த்து, "ஐய, பச்சப் புள்ளயா உள்ள இருக்குது? என்னாம்மா இது, பொட்டியில போட்டு எடுத்துகினு போறீங்க? மடி இல்ல?" என்று கேட்டாள். கஸ்தூரியின் கை ஃபிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்ததை ஓரக்கண்ணால் பார்த்தான். வரப்போகிறது, பத்து நாளாக அடக்கி வைத்ததெல்லாம் இப்போது வரப்போகிறது என்று காத்திருந்தான். "பொட்டி இல்லம்மா, படுக்கை. மடியைவிட இதுதான் கெட்டியாம். என் தம்பி பெல்ட் கம்பெனியில வேலை செய்யறான், அவனுக்குத் தெரியாததா? அவனே பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கான்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள் கஸ்தூரி. கதவுப்பிடியில் இருந்த இவன் கை அங்கேயே நின்றது. இப்படி ஒரு சர்டிபிகேட் கிடைத்தபிறகு இறங்கிப்போய் எதை அவிழ்ப்பது? கூட்ஸ் வண்டி போனது. எண்ணத் தொடங்கி, இருபத்தாறாவது பெட்டியில் எண்ணிக்கை தப்பிப்போனது. கேட் திறந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். இவன் வண்டியை எடுத்தான். எடுத்தபோது தன்மேலேயே வந்த அருவருப்பை எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

பொட்டி. அவள் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் நாளே இவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாமல் என்ன, புரிந்தது. புரிந்ததனால்தான் வீடியோ காட்டினான், கிலோ கணக்குச் சொன்னான், அந்த வார்த்தையைப் பேச்சால் மூடப் பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், எட்டாம் மாசத்தில், நிரோஷாவுக்கு மூச்சில்லாமல் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. அது வேறு ஆஸ்பத்திரி. வார்டு ஆயா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். குளுக்கோஸ் பாட்டில் வந்த பெட்டி, வெளியே அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது. இவன் அதை வாங்கிக்கொண்டு நின்றான். யாரோ கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான், அன்றைக்கு யார் எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பான். கஸ்தூரிதான் பெட்டியை இவன் கையிலிருந்து பிடுங்கி, பிள்ளையைத் துணியோடு எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, பெட்டியைக் காலால் தள்ளினாள். "என் பிள்ளையைப் பொட்டியில அனுப்ப மாட்டேன்." சுடுகாடுவரைக்கும் மடியில்தான் வைத்திருந்தாள். அன்றும் இவன்தான் ஓட்டினான். சிநேகிதனின் வண்டி, கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது, தெரியாமல் இருந்திருக்கலாம். கஸ்தூரி வழியெல்லாம் அந்தத் துணிமூட்டையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தாள், தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. வேகத்தடை வந்தால் கையைக் குவித்து அதன் தலையைத் தாங்கினாள். தாங்கி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரியாதா. இவன் அன்று முப்பதில்தான் ஓட்டினான். அக்காவிடம் அதைப் பற்றி இந்த நாலு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி என்பது அக்காவிடம் சொல்கிற வார்த்தையா? ஆனால் எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அவள் முன்னாலேயே பொம்மை பறக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினான். 'பொம்மையைப் பிடிக்கற மாதிரியாடா' என்று அவள் கேட்டது இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது.

இன்றைக்கு அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. கிளம்பியதிலிருந்து ஒரு தரம்கூட. கோபத்தில் முறுக்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருந்தான். கோபம் இல்லை. பார்க்க முடியவில்லை அவளால். பெட்டியில் அசையாமல் படுத்திருக்கிற பிள்ளையைப் பார்க்கிற தைரியம், முப்பது கிலோ அண்டாவைத் தூக்குகிறவளுக்கு இல்லை. பார்க்காமலே, வெள்ளரிப்பிஞ்சுக்காரியிடம் இவனை விட்டுக்கொடுக்காமல் பேசினாள். மணி பதினொன்று எட்டு. டாக்டரம்மா சொன்ன அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது, அதையும் ராகு காலத்துக்குப் பயந்து முழுங்கிவிட்டான். நிரோஷாவின் மெல்லிய குறட்டை கேட்கிறது. அதற்குக் கீழே இன்னொரு சின்ன மூச்சு கேட்கிறதா? ஏசியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டினான். டயர் சத்தம். பை உரசுகிற சத்தம். இருக்கலாம், அந்தச் சத்தத்துக்குள் எங்கேயாவது இருக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று கிடந்தது. கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தான். பெரிதாக ஒன்றும் இல்லை, ஃபிளாஸ்க் உருண்டு கஸ்தூரியின் காலடியில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் பின்னால், துணி துணியின்மேல் வழுக்குகிற சத்தம் கேட்டது. சர்ரென்று. பதினோரு வருஷமாகப் பட்டைச் சத்தம் கேட்ட காதுக்கு அது போதும்.

அடுத்த நொடி வண்டி ரோட்டோரப் புங்கமர நிழலில் நின்றுவிட்டது. நிறுத்தியது தான்தானா என்று இவனுக்கே சந்தேகம். "என்னாடா?" என்றாள் கஸ்தூரி. "அக்கா, தப்பா கட்டிட்டேன்." தன் பெல்ட்டைக் கழற்றினான். "பெல்ட்டு. மாவுப் பாக்கெட்டுக்குக் கட்டற மாதிரி கட்டிட்டேன். ஆத்தூர் கிட்டவே தெரிஞ்சுடுச்சு. கேட்டுல நின்னப்பவும் சொல்லல. நீ மடியில எடுத்துப்பியேன்னு சொல்லல." சொல்லிக்கொண்டே இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். நினைத்தது சரிதான். மூட்டை நாலு விரல் இறங்கி, தோளில் கட்டிய பட்டை இரண்டும் காதுப்பக்கம் வந்து, வேட்டியின் மடிப்பு உதட்டுவரைக்கும் ஏறியிருந்தது. மூக்குக்கு இன்னும் அரை விரல்தான் பாக்கி. பூட்டைத் திறந்து, மடிப்பை இறக்கி, மூக்கின் கீழ் விரலை வைத்தான். ஒன்றும் தெரியவில்லை, விரல் முழுக்க வியர்வை. எதிர்க் கதவுப் பக்கமிருந்து நிரோஷா, "என்னங்க? ஏங்க, என்னாச்சு?" என்று அரைத்தூக்கத்தில் அலறினாள். கஸ்தூரி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியாது. இவனைத் தோளால் இடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, குனிந்து, பிள்ளையை இரண்டு கையிலும் வாரி எடுத்தாள். தன் கன்னத்தை அவன் மூக்கின்மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு லாரி போனது, இன்னொரு லாரி போனது. "வருதுடா" என்றாள். "சூடா வருது."

அவ்வளவுதான், இனி தரமாட்டாள் என்று நினைத்தான். தராவிட்டால் கேட்கவும் வாயில்லை. கஸ்தூரி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இப்போதுதான் முதல்தடவையாக அந்தச் சீட்டை முழுசாகப் பார்த்தாள். மெத்தையைத் தொட்டாள், பட்டையை இழுத்துப் பார்த்தாள். "அன்னைக்கு நான் எவ்ளோ கெட்டியா பிடிச்சிருந்தேன், தெரியுமாடா?" என்றாள். "தெரியும்க்கா" என்றான். நாலு வருஷம் கழித்து இவன் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவளுக்கு அது போதுமாக இருந்திருக்க வேண்டும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. இது எங்க வரணும், சொல்லு" என்று நடுப்பட்டையைப் பிடித்துக் காட்டினாள். "ரெண்டு காலுக்கு நடுவுல வரணும். வேட்டியைப் பிரிச்சாத்தான் முடியும்க்கா. வீட்டுக்குள்ள போற வரைக்கும் அவிழ்க்கக் கூடாதுன்னு நீ..." கஸ்தூரி யோசித்தாள். மூட்டையின் கால்பக்கத்தைத் தடவி, இரண்டு காலும் எங்கே பிரிகிறது என்று விரலால் கண்டுபிடித்தாள். பிறகு பிள்ளையை மெத்தையில் கிடத்தி, வேட்டியின் கீழ் ஓரத்தைப் பல்லில் கடித்து இழுத்தாள். "அண்ணி, அது மாமாவோட வேட்டி!" என்றாள் நிரோஷா. "இருக்கட்டும். அவிழ்க்கக் கூடாதுன்னுதான் வழக்கம். கிழிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று சொல்லி, முன்பக்கம் ஒரு கிழி, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ஒரு கிழி. முப்பது வருஷம் துவைத்து மெலிந்த துணி, சர்ர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டான். முகத்தைச் சுளித்தான், வாயைக் கோணினான், சிவந்தான், பிறகு இருந்த இரண்டு கிலோவையும் தொண்டைக்குக் கொண்டுவந்து வீறிட்டான். ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். தணிகைவேல் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெட்கமே இல்லாமல், சத்தமாக.

நிரோஷா பால் கொடுத்து முடிக்க, பிள்ளை ஏப்பம் விட, கிழிந்த வேட்டிக்கு வெளியே இரண்டு கால் கால்சட்டை போட்டமாதிரி தனித்தனியாக வந்து நிற்க, பட்டை அதற்கு நடுவில் புகுந்து மேலே வந்து பூட்டிக்கொள்ள, மணி பதினொன்று நாற்பதாகிவிட்டது. இந்தத் தடவை க்ளிக் சத்தத்தை இவன் நம்பவில்லை. தோளில் கட்டிய பட்டையின் அடியில் இரண்டு விரலை விட்டான். இரண்டுக்குத்தான் இடம் இருந்தது, மூன்றாவது நுழையவில்லை. கஸ்தூரியும் கேட்காமலே தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கிக் காய்த்துப்போன விரல், பட்டைக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. "அக்கா, பன்னிரண்டுக்குள்ள போக முடியாது. ராகு காலம்..." என்று இழுத்தான். "அதுக்கென்ன இப்ப? எதிர்வீட்டுல போய் உக்காந்துக்குவோம், ஒன்றரைக்கு மேல நுழைஞ்சுக்கலாம். எதிர்வீட்டுக்காரி காப்பி போட்டுத் தராமலா இருப்பா?" என்றாள். முன்சீட்டில் ஏறினாள். ஏறி, இவன் சொல்லாமலே தன் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, மாட்டின பெல்ட்டோடு முடிந்தமட்டும் உடம்பை முறுக்கி, பின்னால் திரும்பி உட்கார்ந்தாள். மூடாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டாள். தணிகைவேல் வண்டியை எடுத்தான். முள் முப்பத்தைந்தில் நின்றது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாலாஜாபாத் வருவதற்குள் கை தானாகக் கண்ணாடியைத் திருப்பப் போனது. "நீ ரோட்டைப் பாரு" என்றாள் கஸ்தூரி, பார்வையை எடுக்காமல். "மூச்சு வருது. இங்க நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."